பாதிச் சட்டையும் வட்டக் காலரும்

கொக்குக்கு அன்று மாலை நான்கு மணிக்குப் பரீட்சை. தாள், பேனா எல்லாம் கிடையாது. ஒரு காலர், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு மனிதர் முடிவு சொல்லப்போகிறார். சிரிக்காதீர்கள், அவனுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். கொக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக். நீளக் கழுத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த பெயர் முப்பத்தேழு வயதிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கூடப்பிறந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறாள், அப்புறம் மற்றவர்களைக் குறை சொல்லி என்ன? வேலைக்குப் போனால் கம்பெனி கொடுத்த நீல அங்கி, வீட்டுக்கு வந்தால் பனியன். காலர் வைத்த சட்டை அவன் அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது. அதைப் போட்டால் ஊர் கண்ணெல்லாம் தன் கழுத்துக்கு வந்துவிடும் என்று அவனுக்கொரு பயம்.

ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்க்கப் போன இடத்தில் அங்கே எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தான். அவளுக்கும் அப்படித்தான். எட்டு மாதமாகப் பேசிப் பழகி, இனி கல்யாணம்தான் என்ற இடத்துக்கு வந்தபோது குறுக்கே நின்றது அவளுடைய அப்பா. அவர் கெட்டவர் இல்லை. நாற்பது வருடம் லாண்டரி நடத்தியவர், அதுதான் சிக்கல்.

"அப்பா முதல்ல மூஞ்சியைப் பார்க்க மாட்டார். காலரைத்தான் பார்ப்பார்," என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "காலரை வச்சே ஆள் எப்படின்னு சொல்லிடுவார். அதுலயும் அந்தக் காலத்துக் காலர்னா உசிரு. இப்ப வர்றதெல்லாம் காலரே இல்லைம்பார்."

அவளைக் கேட்டு வந்த மூன்று பேர் அப்படித்தான் திரும்பிப் போனார்கள். ஒருவனுடைய காலர் வெளியே பால்வெள்ளை, உள்மடிப்பில் ஒரு வாரத்து அழுக்கு. இன்னொருவனுக்குக் காலருக்குள் இருக்கும் அட்டை மடங்கிக் கிடந்தது. மூன்றாமவன் காலர் முனையை வாயில் வைத்துக் கடித்தானாம், அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "எனக்கு அவரு, அவருக்கு நானு. அவர் மனசாரச் சரின்னு சொல்லணும்," என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கொக்கும் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமையே போயிருக்க வேண்டியதை ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லித் தள்ளிப்போட்டான். இரண்டாம் முறை தள்ளினால் கதை கந்தல்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அக்கா அவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு பழைய பாணிச் சட்டைகள் விற்கும் கடைக்குப் போனாள். பின்னாலேயே அவள் புருஷன் மாமாவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வேடிக்கை என்றால் மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"அந்தக் காலத்துச் சட்டை ஒண்ணு வேணும்," என்றாள் அக்கா.

"யாருக்கு?"

"இந்தக் கழுத்துக்கு."

கடைக்காரர் தோளில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றினார். "சுத்தளவு பதினாலரை. நீளம்..." என்று இழுத்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீளத்துக்கு நான் இதுவரை டேப் வச்சதில்லை," என்றார்.

முதலில் வந்தது நாய்க்காது காலர். இரண்டு பக்கமும் அகலமாகத் தோள்வரை தொங்குகிற ரகம். மாமா குதித்தார். "இதான் மாப்ளே! எங்க சித்தப்பா இதைப் போட்டுக்கிட்டு ஸ்கூட்டர்ல போவாரு பாரு, ரெண்டு காலரும் அப்படியே பறக்கும்!" கொக்கு கண்ணாடியில் பார்த்தான். கழுத்து அப்படியேதான் இருந்தது, கூடவே இரண்டு காது முளைத்திருந்தது.

"கழட்டு, கழட்டு. காத்தடிச்சா ஆளோட தூக்கிட்டுப் போயிடும்," என்றாள் அக்கா.

அடுத்தது கூர்முனைக் காலர். முனைகள் நீளமாக நெஞ்சை நோக்கி இறங்கின. தொப்பைக்கும் வட்ட முகத்துக்கும் அருமையாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். கொக்குக்கு இரண்டுமே இல்லை. "கழுத்து எங்க முடியுதுன்னு அம்புக்குறி போட்டுக் காட்டுற மாதிரி இருக்கு," என்று அவனே நொந்துகொண்டான். மூன்றாவது, முனைகளைச் சட்டையோடு சேர்த்துப் பட்டன் போடுகிற காலர். "எதுக்குப் பூட்டி வைக்கிறீங்க, ஓடிடுமா?" என்று அக்கா கேட்டதும் கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

அப்போதுதான் கொக்கு கண்ணாடி ஜன்னலில் நின்ற பொம்மையைப் பார்த்தான். கருநீலக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை. காலரின் முனைகள் கூராக இல்லாமல் அரைநிலாபோல் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன. கழுத்தைச் சுற்றும் பட்டி நல்ல உயரம், ஒன்றுக்கு இரண்டு பட்டன். பொம்மைக்கும் சொல்லிவைத்தாற்போல் கொக்கின் கழுத்துதான். ஆனால் அந்தக் காலருக்குள் அது நீளமாகவே தெரியவில்லை, கம்பீரமாகத் தெரிந்தது.

"அது," என்றான் கொக்கு. கடைக்குள் வந்ததிலிருந்து அவன் தானாகக் கேட்ட முதல் பொருள்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "கண்ணு இருக்கு உங்களுக்கு! வட்டக் காலர், உயரப் பட்டி. நீளக் கழுத்துக்குன்னே பொறந்தது. அளவெடுத்துக்கிறேன், வியாழக்கிழமை வாங்க."

"இன்னிக்கு நாலு மணிக்கு வேணும்."

"ரெடிமேடா உங்க உடம்புக்கு வராதுங்க. கழுத்துக்குச் சரியா இருந்தா கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே நின்னுடும்."

"அப்போ அந்தப் பொம்மை போட்டிருக்கிறதைக் கழட்டிக் குடுங்க," என்றாள் அக்கா.

கடைக்காரர் நெளிந்தார். தொழில் ரகசியத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டு உடைக்க எந்தக் கடைக்காரருக்குத்தான் மனசு வரும்? பொம்மையின் கோட்டை மெல்லத் திறந்து காட்டினார். உள்ளே சட்டை இல்லை. கழுத்திலிருந்து தொப்புள்வரை ஒரு முன்பக்கம் மட்டும், அதில் காலர். முதுகு கிடையாது, கை கிடையாது. கோட்டுக் கையின் நுனியில் அரை அங்குலம் வெள்ளையாக எட்டிப்பார்த்த கஃப்கூடத் தனியாக ரப்பர் பேண்டில் மாட்டியிருந்தது. "கோட்டுக்குள்ள யாரு பார்க்கப் போறாங்கன்னு இப்படித்தான் பண்றது. துணி மிச்சம்," என்றார்.

நல்ல மனிதர்கள் இந்த இடத்தில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் மாமா இருந்தாரே! "கோட்டுக்குள்ள யாரு பார்க்கப் போறாங்க?" என்று அவரும் அதையே சொன்னார், ஆனால் கண்ணில் ஒரு மினுக்கம். "மாப்ளே, உன்னைக் கோட்டைக் கழட்டிட்டு உக்காருன்னு எந்த மாமனாராவது சொல்வாரா?"

கொக்கு வேண்டாம் என்றான். அக்கா யோசித்தாள். யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் கேட்டார். லாண்டரிக்காரர் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து நின்றுகொண்டார். "அவரா? அவர் கண்ணுல என் காலர் படணும்னு எத்தனை நாள் ஆசை! உங்க சட்டைக்கு அளவெடுத்துக்கிறேன், வியாழக்கிழமை ரெடி. இன்னிக்கு இதை எடுத்துட்டுப் போங்க. ஆனா எந்தக் கடைன்னு அவர் கேட்டா மட்டும் சொல்லுங்க." கொக்கு மறுபடியும் வேண்டாம் என்பதற்குள், பொம்மையை அம்மணமாக விட்டுவிட்டு அத்தனையும் கொக்கின் மேல் ஏறியது. கண்ணாடியில் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கொக்குக்கே தன்னை ஒரு முறை கும்பிடலாம்போல் இருந்தது.

சரியாக நான்கு மணிக்கு அவன் தனியாகப் போய் மணியடித்தான். கதவைத் திறந்தவர் அப்பாதான். வெள்ளை முழுக்கைச் சட்டை, காலர் கத்தியாக நின்றது. எதிர்பார்த்தபடியே அவர் பார்வை நேராகக் கொக்கின் கழுத்துக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. வாயின் ஓரம் லேசாகத் துடித்தது.

"வட்டக் காலர்!" என்றார். "உயரப் பட்டி, ரெட்டைப் பட்டன். உள்ள வாங்க தம்பி, வாங்க."

கொக்குக்கு உயிர் வந்தது. அப்பாவுக்குப் பின்னால் நின்ற எக்ஸ்ரேக்காரி, பலே என்று புருவத்தால் சொன்னாள். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தான். அப்பா எதிரில் உட்கார்ந்து, ரொம்ப அன்பாக, "வெக்கையா இருக்கே, கோட்டைக் கழட்டிடுங்களேன் தம்பி," என்றார்.

"இருக்கட்டும் சார். எனக்குக் கொஞ்சம் குளிருது."

"குளிருதா?" அப்பா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"லேசா ஜலதோஷம், அதான்," என்றான் கொக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்பா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"நெஞ்சுல சளி சார், வேற ஒண்ணும் இல்ல. டாக்டர்தான் நெஞ்சுல காத்து படக்கூடாதுன்னாரு."

எக்ஸ்ரேக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நெஞ்சுல சளியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. நாளைக்கு வாங்க, ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம்."

"சளிக்குச் சூடாப் பால் குடிச்சா நல்லதும்மா. கொண்டா," என்றார் அப்பா. பால் வந்தது. கொதிக்கக் கொதிக்க. குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர் வந்தது. அப்பா உள்ளே போய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து, பெற்ற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் அவன் தோளில் போர்த்தினார். மூடிய அறை, நின்ற விசிறி, கோட்டு, கம்பளி, வயிற்றில் இரண்டு டம்ளர் கொதிக்கும் பால். வியர்வை முதுகில் வாய்க்கால் வெட்டி ஓடியது.

"எப்பவும் கோட்டு போடுவீங்களோ?"

"எப்பவும் சார். கோட்டு இல்லாம இருந்து பழக்கமே இல்ல."

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போதும்?" என்று கேட்டாள் மகள். இப்போது அவள் புருவம் பலே சொல்லவில்லை.

கொக்கு அவசரமாக, தட்டில் வந்திருந்த மூன்றாவது டம்ளர் பாலுக்குக் கை நீட்டினான். நீட்டிய கையிலிருந்து வெள்ளைக் கஃப் நழுவி, வழுக்கிக்கொண்டு வந்து, தட்டில் போய் வளையமாக உட்கார்ந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"புது மாடல் சார்," என்றான் கொக்கு. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கழட்டி மாட்டிக்கிறது."

அப்பா கஃபை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தையலை நகத்தால் தடவினார். "நல்ல வேலைப்பாடு," என்று சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு கோபம் இல்லை. அந்த மரியாதையைத்தான் கொக்கால் தாங்க முடியவில்லை. எழுந்தான். கம்பளியை எடுத்து நாற்காலியில் போட்டான். கோட்டைக் கழற்றினான்.

முன்னாலிருந்து பார்த்தால் துரை. கைகள் வெறும் கை. பின்னால் பழைய பனியன், அதன் குறுக்கே காலரையும் முன்பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக் கட்டிய இரண்டு நாடா.

"பொம்மையோடது சார்," என்றான். "சளியும் இல்ல, டாக்டரும் இல்ல. கோட்டும் பொம்மையோடதுதான். என் சட்டை வியாழக்கிழமைதான் வரும். தப்புதான். மன்னிச்சிடுங்க."

அப்பா அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "தம்பி, ஓட்டல் வெயிட்டருங்க கோட்டுக்குள்ள கட்டிக்கிற இதே மாதிரி முன்பக்கம் வாரத்துக்கு நூறு துவைச்சவன் நான். நீங்க வாசல்ல தலையைத் திருப்புனீங்க, காலர் திரும்பல. அப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீங்கன்னு பார்த்தேன். பரவாயில்ல, முக்கால் மணி நேரம்!"

கொக்கு அசடு வழிந்தான். அப்பா ஜன்னலைத் திறக்க எழுந்து அவனைக் கடந்து போனார். பின்னாலிருந்து பனியனின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இதோடயா லிஃப்ட் வேலை பார்க்கறீங்க?"

"ஆமா சார். அங்கிக்குள்ள இதான்."

"கிரீஸ் கறை எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"யாரு எடுத்தது?"

"நான்தான். காய்ஞ்ச துணியிலயே பாத்திரம் விளக்குற சோப்பைத் தேய்ச்சு ஊறப்போட்டுடுவேன். முதல்ல தண்ணி பட்டா கறை உள்ள போய் உக்காந்துக்கும்."

அப்பா தன் மகளைப் பார்த்தார். "கேட்டியா? இதை எங்கிட்ட வேலை செஞ்சவங்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு. ஒருத்தன் கேக்கலை!" பிறகு அவரும் கொக்கும் உட்கார்ந்து மை, இரும்புத் துரு, மஞ்சளான அக்குள் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் அப்பா, வந்த விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல், "ஆங், எனக்குப் பூரண சம்மதம் தம்பி," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் திரும்பவும் துருவுக்குப் போனார்.

கொக்கு ஆனந்தத்தோடு அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா சம்மதிச்சாச்சு. என்னை யாரும் இன்னும் கேக்கலையே," என்றாள்.

அப்பா சமயமறிந்து, பால் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஆறு பொய். எண்ணிக்கிட்டே இருந்தேன்," என்றாள் அவள். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "அப்பாவுக்கு வேடிக்கை, அவர் சிரிச்சுட்டார். எனக்குச் சிரிப்பு வரல. இன்னிக்கு அவருக்காக வேஷம் போட்டீங்க, நாளைக்கு எனக்காகப் போடுவீங்க. அப்புறம் நான் யாரோட குடும்பம் நடத்தறது? பொம்மையோடயா?"

கொக்கு காலரைத் தளர்த்தப் பார்த்தான், முடியவில்லை. இரட்டைப் பட்டன் வேறு. "உங்களை இழந்துடுவேனோன்னு பயந்துட்டேன்," என்றான். "அவ்வளவுதான். வேற காரணமே இல்ல. இப்ப நான் என்ன செஞ்சா நம்புவீங்க?"

அவள் அவனைக் காலரிலிருந்து பனியன்வரை பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய குறும்பு ஒரு நூல் எட்டிப்பார்த்தது.

"உங்க சளிக்கு இருந்த பாலெல்லாம் தீர்ந்துபோச்சு. தெருமுனைக் கடையில ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க," என்றாள். கொக்கு கோட்டை எடுக்கப் போனான். "கோட்டு இங்கயே இருக்கட்டும். அந்த முன்பக்கத்தையும் அவுக்காதீங்க. இப்ப இருக்கிற மாதிரியே போங்க. யாராவது கேட்டா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

வெறும் பனியனோடு தெருவில் போகச் சொல்லியிருந்தால் கொக்கு கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பான். இது அப்படியா? ஆனாலும் படியிறங்கினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரே வாசலில் இருந்தது. எதிரே வந்தவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள், தாண்டிப் போனவர்கள் திரும்பிப் பார்த்துப் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை மூட மறந்து நின்றார். மரத்தடி பெஞ்சில் இரண்டு பெண்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் குண்டாக இருந்தவள், "தம்பி, பாதிச் சட்டைதான் வந்துச்சா?" என்று குரல் கொடுத்தாள்.

"ஆமாங்க. மீதி வியாழக்கிழமை வரும்."

கடைக்காரி அவனை முன்னாலிருந்து பார்த்து, "என்ன சார் வேணும்?" என்று எழுந்தே நின்றாள். அவன் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பியதும், "அட கடவுளே! என்னய்யா இது கோலம்?" என்றாள்.

"பொண்ணு கேட்டு வந்தேன்."

"இப்படியேவா?"

"முன்பக்கம் மட்டும் சரியா இருந்தாப் போதும்னு நினைச்சுட்டேன். முட்டாள்தனம். அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க."

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"இன்னும் சொல்லலை. அதான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். இரண்டு கையிலும் பால் பாக்கெட். பெஞ்சு அருகே வந்தபோது முதுகில் நாடா நழுவுவது தெரிந்தது. வட்டக் காலர் கழுத்தைவிட்டு மெல்ல முன்னால் சாய ஆரம்பித்தது. தாடையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தான், பிடிபடவில்லை. நட்டநடுத் தெருவில், கொக்கு செய்வதறியாமல் நின்றுவிட்டான்.

"அசையாதீங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள்தான். கடைவரைக்கும் பத்தடி தள்ளி அவன் பின்னாலேயே வந்திருக்கிறாள், அத்தனையும் கேட்டிருக்கிறாள். அவன் முதுகில் அவள் விரல்கள் பட்டன. நாடாவை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று. அதோடு விடாமல், நிதானமாக, மூன்றாவது.

பெஞ்சிலிருந்த குண்டுப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏம்மா, இப்படிப் போட்டா அப்புறம் அவுக்க முடியாதும்மா."

"தெரியும்க்கா," என்றாள் அவள். "தெரிஞ்சுதான் போடறேன்."

கொக்குக்குத் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் இன்னும் நாடாவை விடவில்லை. ஆகவே பால் பாக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு அப்படியே நின்றான்.